தேர்வு மாதங்களில் நாவல் வாசிப்பு: நெல்லைச் சீமைப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும், கதை என்றால் சோற்றை மறக்கும் பிள்ளைகளுக்கும், அதைப் பார்த்துக் கவலைப்படும் வீட்டாருக்கும் இந்தப் பக்கம். டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு. இந்த நான்கு மாதமும் நாவலை மூட்டை கட்டிவிட வேண்டுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. வேண்டாம் என்பதே எங்கள் பதில். புத்தகத்தை மாற்றுங்கள், வாசிக்கும் வேளையை மாற்றுங்கள், பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இளையோர் நாவல் என்கிறார்களே, சிறுவர் கதையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஏறக்குறைய 12 முதல் 18 வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதப்படுவது. கதையின் நடுவில் நிற்பவருக்கும் அதே வயது இருக்கும். ஆனால் வயது மட்டும் போதாது. சிறுவர் கதையில் சிக்கல் முற்றும்போது அப்பாவோ ஆசிரியரோ வந்து நேர்ப்படுத்திவிடுவார்கள். இளையோர் நாவலில் அப்படி ஒருவரும் வருவதில்லை. முடிவை அந்தப் பிள்ளையே எடுக்க வேண்டும், விளைவையும் அதுவே தாங்க வேண்டும். மொழி எளிமையாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இவ்வகை நாவலில் தன்னை மறந்து போவதற்குக் காரணம் இதுதான்: தன் வாழ்க்கையில் இன்னும் கைக்கு வராத முடிவெடுக்கும் உரிமை, கதையில் தன் வயதுக்காரருக்குக் கிடைத்திருக்கிறது.

தமிழில் அப்படி என்ன இருக்கிறது? எங்கிருந்து தொடங்கலாம்?

‘இளையோர் நாவல்’ என்று அட்டையிலேயே போட்டு வரும் நூல்கள் இப்போது கூடியிருக்கின்றன. கோவில்பட்டிக்காரரான உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்டது. 2023இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. ஒன்பது, பத்தாம் வகுப்புக்குத் தொடக்கமாக வைத்துக்கொள்ள நல்ல நூல்.

அந்த முத்திரை இல்லாமலே அந்த வயதுக்குப் பொருந்தும் நாவல்கள் நம் மண்ணிலிருந்து முன்பே வந்துவிட்டன. 1982இல் வந்த பூமணியின் ‘வெக்கை’யில் கதை முழுதும் நடப்பது பதினைந்து வயதுச் சிதம்பரத்தைச் சுற்றித்தான். கரிசல் காட்டில் அப்பாவோடு ஒளிந்து திரியும் நாட்கள் அவை. எடுத்த எடுப்பிலேயே ஒரு கொலை வருவதால் பதினொன்றாம் வகுப்புக்கு மேல் கொடுப்பது சரி என்பது எங்கள் கருத்து. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. மணப்பாட்டுக் கடற்கரையில் வல்லம் என்ற நாட்டுப் படகுக்கும் லாஞ்சு என்ற விசைப்படகுக்கும் நடக்கும் போட்டிக்கு நடுவே பிலோமி என்ற பெண்ணின் காதலும் இழப்பும். மெலிந்த புத்தகம்தான், ஆனால் மெல்ல வாசிக்க வேண்டியது. பரபரப்புத் தேடும் பிள்ளைக்கு முதலில் இதைக் கொடுத்தால் பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடும். இரண்டு மூன்று நாவல் வாசித்த பிறகு கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

கதையின் பேச்சுமொழி நம் வீட்டுப் பேச்சாக இருப்பது நெல்லைப் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. மற்ற ஊர்க்காரர்கள் தடுக்கி நிற்கும் வரியை இங்குள்ள பிள்ளை ஆச்சி பேசுவதுபோல் கேட்டுக்கொண்டே கடந்துவிடும்.

தேர்வு மாதங்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு வாசிக்கலாம்?

முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். புதிய நாவலின் நடுவில் ஐந்து பக்கத்தை வழக்கமான வேகத்தில் வாசித்து நேரம் பாருங்கள். வழக்கமான அளவில் அச்சான தமிழ்ப் புத்தகத்தில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆவது இயல்பு. அந்தக் கணக்கில் 20 நிமிடத்துக்கு 10 பக்கம். 140 பக்க நாவல் 14 நாளில் முடியும். நூலகத் தவணைக்குள் அடங்கிவிடும்.

ஜனவரி கடைசி வரை இந்த 20 நிமிடம் தாராளமாகத் தாங்கும். பிராக்டிகல் தொடங்கியதும் நாவலை நிறுத்திச் சிறுகதைக்கு மாறுங்கள். எட்டுப் பத்துப் பக்கக் கதை அன்றைக்கே முடிந்துவிடும், மறுநாள் கணக்குப் போடும்போது மண்டைக்குள் குடையாது. எழுத்துத் தேர்வு நடக்கும் வாரங்களில் புதிய கதை எதையும் தொடங்க வேண்டாம். முன்பே வாசித்து முடிவு தெரிந்த ஒரு கதையின் சில பக்கங்கள் போதும்.

எந்த வேளையில் என்பதும் முக்கியம். பலர் படிப்பு முடிந்த பிறகு இரவு கடைசியில் வாசிக்கிறார்கள். அங்கேதான் பிசகுகிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு நிறுத்தச் சொல்ல வேறு வேலை எதுவும் இல்லை. பள்ளி விட்டு வந்து, காபி குடித்து, டியூஷனுக்குக் கிளம்பும் முன் இருக்கும் அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வேலை காத்திருந்தால் வாசிப்பு தானாகவே அளவோடு நிற்கும்.

‘இந்த ஒரு அத்தியாயம் மட்டும்’ என்று தொடங்கி ராத்திரி ஒரு மணி ஆகிவிடுகிறது. என்ன செய்ய?

இது மனவுறுதிக் குறைவு கிடையாது. வேகமான நாவல்களில் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் அடுத்ததைத் திறக்க வைப்பதற்காகவே எழுதப்பட்டிருக்கும்: கதவு தட்டப்படும், கடிதம் பிரிக்கப்படும், விளக்கு அணையும். ஆகவே அத்தியாய முடிவில் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் நிறுத்தவே முடியாது. அத்தியாயத்தின் நடுவில் நிறுத்துங்கள். பேச்சு முடிந்து கதாபாத்திரங்கள் சாப்பிடவோ நடக்கவோ தூங்கவோ போகும் இடம் எல்லா அத்தியாயத்திலும் உண்டு. அங்கே பக்க அடையாளச் சீட்டை வைத்து மூடினால் மனம் அவ்வளவாக இழுக்காது.

தொடர் நாவல்களின் முதல் பாகத்தை நவம்பருக்குப் பிறகு தொடங்கவே வேண்டாம். மூன்று பாகம், ஏழு பாகம் என்று ஓடும் கதையில் முதல் பாகம் முடிவே இல்லாமல் முடியும். ஏற்கெனவே தொடரின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால், கையில் இருக்கும் பாகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் முடித்துவிட்டு, அடுத்த பாகத்தை வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோழி வீட்டில் இருந்தாலும் சரி, நூலகத்தில் இருந்தாலும் சரி. எட்டும் தூரத்தில் மட்டும் கூடாது.

பாதியில் விட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தால் யார் யார் என்றே நினைவில் இல்லை. மறுபடி முதலிலிருந்தா?

வேண்டாம். நிறுத்தும் நாளிலேயே ஐந்து நிமிடம் செலவழித்தால் இந்தத் தொல்லை வராது. தபால் அட்டை அளவில் ஒரு தாளை எடுத்து, ஒரு பக்கம் பெயர்களும் உறவும் (அக்கா, எதிரி, வாத்தியார் என்ற அளவு போதும்), மறுபக்கம் மூன்று வரி: இப்போது எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எது தெரியாது, அடுத்து என்ன நடக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மூன்றாவது வரியைத் தவறாமல் எழுதுங்கள். திரும்ப எடுக்கும்போது உங்கள் ஊகம் சரியா என்று பார்க்கும் ஆவலே கதைக்குள் கொண்டுபோய்விடும். அட்டையை வாசித்து, நிறுத்திய இடத்துக்குப் பத்துப் பக்கம் முன்னாலிருந்து தொடங்கினால் போதும்.

அட்டை எழுதாமல் விட்டவர்கள் ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் வாசித்துக்கொண்டு வரலாம். பெரிய நாவலுக்கும் அரை மணி நேரத்தில் நூல் பிடித்துவிடலாம்.

ஆங்கிலத்தில் வரும் இளையோர் நாவல்களைத் தமிழ் வழியில் படிப்பவர்கள் வாசிக்க முடியுமா?

முடியும், ஆனால் தேர்வுக் காலத்தில் தொடங்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். முந்நூறு பக்க ஆங்கில நாவலில் ஏறக்குறைய 80,000 சொற்கள். நிமிடத்துக்கு 120 சொல் வாசிக்கும் பிள்ளைக்கு 11 மணி நேரம் ஆகும். நாளுக்கு 20 நிமிடம் என்றால் ஒரு மாதத்துக்கும் மேல். அவ்வளவு நாள் இழுத்தால் கதையின் சூடு ஆறிவிடும். கோடை விடுமுறையில் நாளுக்கு ஒரு மணி நேரம் வைத்தால் பதினோரு நாள்தான்.

புத்தகம் உங்கள் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஒரு பக்கத்தை வாசித்துத் தெரியாத சொல்லுக்கு ஒவ்வொரு விரலாக மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கினால் இப்போதைக்கு வேறு புத்தகம். முதல் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம், புதிய இடத்தையும் ஆட்களையும் அறிமுகப்படுத்தும் பக்கம் எப்போதும் கடினமாகத்தான் இருக்கும். நடுவில் மூன்று இடத்தில் பாருங்கள். வாசிக்கும்போது அகராதியைத் திறக்காதீர்கள். ஒரே சொல் மூன்றாம் முறை வந்து, அது தெரியாமல் கதை நகரவில்லை என்றால் மட்டும் பாருங்கள்.

சொல்லைவிடப் பள்ளி முறைதான் பலரைக் குழப்புகிறது. அமெரிக்கக் கதைகளில் ஃப்ரெஷ்மேன் என்றால் ஒன்பதாம் வகுப்பு, சோஃபோமோர் பத்து, ஜூனியர் பதினொன்று, சீனியர் பன்னிரண்டு. இங்கிலாந்துக் கதைகளில் சிக்ஸ்த் ஃபார்ம் என்று வந்தால் நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயது. இது தெரியாமல், பதினாறு வயதுப் பையனைக் கல்லூரி மாணவன் என்று நினைத்துக்கொண்டே பாதி நாவல் போய்விடும்.

பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தால் தலை சுற்றுகிறது.

கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வண்டியின் ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். பின் சீட்டில் ஆட்டம் அதிகம். முன்பாதியில் ஜன்னலோரம் கிடைத்தால் பரவாயில்லை. பக்கத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தொலைவில் பாருங்கள். தலை கனக்கத் தொடங்கிய உடனே மூடிவிடுங்கள், குமட்டல் வந்த பிறகு மூடிப் பயனில்லை.

செங்கோட்டை, திருச்செந்தூர் பாசஞ்சர் ரயில்களில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அம்பாசமுத்திரத்திலிருந்தோ கல்லிடைக்குறிச்சியிலிருந்தோ நெல்லைக்கு வரும் பிள்ளைக்குப் போக வர உட்கார இடம் கிடைத்தாலே அன்றைய வாசிப்பு முடிந்துவிடும், வீட்டு நேரத்தில் கை வைக்க வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒலிநூல் கேட்கலாம். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், இறங்கும் இடம் தவறாது.

புத்தகம் வாங்க வசதியில்லை. நூலகத்தில் எப்படி?

பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அம்பை, சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்துப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் வர வேண்டாம், உள்ளூர்க் கிளை நூலகத்திலேயே உறுப்பினராகலாம். சிறிய காப்புத்தொகையும் முகவரிச் சான்றும் போதும். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு திறந்திருக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய அனுகூலம்.

அங்கே போய் ‘இளையோர் நாவல்’ என்று தேடினால் அப்படி ஒரு அலமாரி இருக்காது. சிறுவர் பகுதியிலும் பொது நாவல் பகுதியிலுமாகச் சிதறிக் கிடக்கும். எழுத்தாளர் பெயர் எழுதிய சீட்டோடு போங்கள். பெயர் தெரியாவிட்டால் நூலகரிடம் வயதைச் சொல்லி, கடைசியாகப் பிடித்த ஒரு புத்தகத்தையும் சொல்லுங்கள். ‘நல்ல புத்தகம் கொடுங்க சார்’ என்று கேட்டால் அவர் எடுத்துக் கொடுப்பது அவருக்குப் பிடித்ததாக இருக்கும். தவணை முடிவதற்குள் போய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், தேர்வு வாரத்தில் அபராதம் சேருவது இதை மறப்பதால்தான்.

தை, மாசியில் நடக்கும் பொருநை நெல்லை புத்தகத் திருவிழா பொதுத்தேர்வுக்குச் சற்று முன்னால் வருவது சிலருக்குத் தலைவலி. பத்து சதவீதத் தள்ளுபடியை விட மனமில்லாமல் பை நிறைய வாங்கிவந்து, மேசைமேல் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வாங்குவதில் தவறில்லை. வாங்கியதை அம்மாவிடம் கொடுத்துப் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

செல்போனில் வாசிக்கலாமா?

தேர்வுக் காலத்தில் அச்சுப் புத்தகம்தான் நல்லது. போனில் கதை மனதில் பதியாது என்பதற்காக இல்லை, கதைக்கு நடுவே வாட்ஸப் வந்து நிற்பதற்காக. வேறு வழியில்லை என்றால் நூலை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு ஏரோப்ளேன் மோடில் வாசியுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆறங்குலத் திரையில் எறும்பு எழுத்தாகத் தெரியும். போனைக் குறுக்காகத் திருப்பினால் ஓரளவு சமாளிக்கலாம். இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள், எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் பழைய நூல்களும் நாட்டுடைமையான நூல்களும் இலவசமாகவே உண்டு. டெலிகிராமில் சுற்றும் களவுப் பிரதிகளைத் தொடாதீர்கள். நடுவில் பக்கம் விட்டுப்போயிருக்கும் என்பது சிறிய காரணம். தமிழில் பல நாவல்கள் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. நமக்காக எழுதுகிறவருக்கு அந்தச் சில நூறும் விற்காமல் போனால் அடுத்தது எழுத மாட்டார்.

பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசிக்கிறாள் என் மகள். பிடுங்கி வைத்துவிடலாமா?

பிடுங்கினால் அடுத்த புத்தகம் இன்னும் நன்றாக ஒளிக்கப்படும். ஒளித்து வாசிக்கும்போது இரண்டும் கெடும்: காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே வாசித்தால் கதையும் மனதில் இறங்காது, அந்த ஒரு மணி நேரம் ‘படித்ததாக’க் கணக்கில் சேருவதால் பாடமும் போகும். வெளிப்படையாக நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். மாலை அரை மணி நேரம், கூடத்தில், எல்லோர் கண்ணெதிரிலும். அந்த நேரத்தில் ‘ஏ பிள்ள, இந்தக் குடத்த எடு’ என்று கூப்பிடாமலும் இருங்கள். ஒரு வாரம் அப்படி நடந்தால் ஒளிப்பதற்கான தேவை தானாகக் குறையும்.

கணக்கு, அறிவியல் மதிப்பெண் குறைந்ததற்கு நாவல்தான் காரணமா என்று அறிய, ஒரு வாரம் அவளையே நேரக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: போன், டிவி, பயணம், தூக்கம், கதை. நாவலைவிடப் போன் தின்ற நேரமே கூடுதலாக இருக்கும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. குறிப்பை வாங்கிப் பார்த்துத் திட்டக் கூடாது, திட்டினால் அடுத்த வாரக் குறிப்பு பொய்யாக இருக்கும்.

காதல், சாவு, தற்கொலை எல்லாம் வரும் கதைகளைக் கொடுக்கலாமா?

காதலும் சாவும் வராத இளையோர் நாவல் அரிது. அந்த வயதுக்காரர் மனதில் அவை ஏற்கெனவே இருக்கின்றன, கதை அவற்றைப் பேசக் கிடைக்கும் ஒரு இடம். பெற்றோர் செய்யக்கூடியது, புத்தகத்தைத் தாங்களும் வாசிப்பதுதான். முழுதும் முடியாவிட்டால் பின்னட்டை, முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம். பிறகு அறிவுரை சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ‘அந்தப் பிள்ள செஞ்சது சரின்னு ஒனக்குத் தோணுதா?’

தற்கொலையைப் பற்றிய கதைகளில் மட்டும் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். தேர்வு, தேர்வு முடிவு வரும் வாரங்களில் வேண்டவே வேண்டாம். மற்ற மாதங்களில், அதைத் தீர்வாகவோ பழிவாங்கலாகவோ காட்டும் கதை வேண்டாம். அதிலிருந்து மீண்டு வருவதைக் காட்டும் கதை என்றால் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டே வாசிக்கலாம். பிள்ளை கதையை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றி அப்படிப் பேசத் தொடங்கினால், புத்தகப் பேச்சை நிறுத்திவிட்டு உடனே உட்கார்ந்து கேளுங்கள். தனியாக விடாதீர்கள். 104 என்ற எண்ணில் அரசின் இலவச உளவியல் ஆலோசனை கிடைக்கும்.

வீட்டு வேலையே சரியாக இருக்கிறது. இதில் எங்கே வாசிக்க?

தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்ற பருவத்தின் நெல் அறுவடை மாசி, பங்குனியில் வந்து நிற்கும், பொதுத்தேர்வும் அப்போதுதான். முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கம் என்றால் அம்மா மடியில் பீடித் தட்டு. ‘தினமும் 20 நிமிடம்’ என்று எழுதுவது எளிது என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு நாங்கள் சொல்வது சத்தமாக வாசிப்பது. அம்மாவும் ஆச்சியும் பீடி சுற்றிக்கொண்டிருக்கும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும். அவர்களுக்குக் கைதான் வேலையில், காது சும்மா இருக்கிறது. சத்தமாக வாசித்தால் வேகம் குறையும். பக்கத்துக்கு மூன்று நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், அரை மணிக்குப் பத்துப் பக்கம். பேச்சு வழக்கில் எழுதப்பட்ட கதையாகப் பாருங்கள், கேட்கிறவர்களுக்கும் பிடிக்கும். ‘பொறவு என்னாச்சு?’ என்று ஆச்சி மறுநாள் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் கதைப்புத்தகத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தொண்டை வறண்டால் நிறுத்திவிடுங்கள்.

நாவல் வாசித்தால் மார்க் கூடுமா?

தமிழ், ஆங்கிலத் தாள்களில் பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதியிலும் கட்டுரையிலும் உதவும். கணக்கிலும் வேதியியலிலும் மார்க் ஏறாது. அதற்காக மட்டும் வாசிக்கச் சொன்னால் பிள்ளை கதையை இன்னொரு பாடமாக நினைத்து வெறுத்துவிடும்.

வாசித்ததைக் குறித்து வைக்க வேண்டுமா?

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். புத்தகம், எழுதியவர், முடித்த தேதி, மறக்க முடியாத ஒரு காட்சி, பிடிக்காத ஒன்று. ‘பிடிக்காத ஒன்று’ என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள், ரசனை வளர்வது அங்கேதான். கதைச்சுருக்கம் எழுத வேண்டாம். பாதியில் விட்ட புத்தகங்களையும் எந்தப் பக்கத்தில், ஏன் விட்டீர்கள் என்பதோடு எழுதுங்கள். பத்துப் புத்தகம் ஆன பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்தால் அடுத்து எதை எடுக்கலாம் என்று உங்களுக்கே தெரியும்.

நூலகப் புத்தகம் மழையில் நனைந்துவிட்டது. என்ன செய்வது?

நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். 2023 டிசம்பர் வெள்ளம் போல மார்கழியிலும் வரும். நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் தாள் நெளிந்து விறைத்துவிடும். விரித்துப் பிரிக்கவும் கூடாது, ஈரத்தாள் கிழியும். அட்டையை இலேசாக விரித்துச் செங்குத்தாக நிறுத்தி, ஃபேன் காற்று படும்படி வையுங்கள். ஓரளவு உலர்ந்ததும் இருபது பக்கத்துக்கு ஒன்றாகச் செய்தித்தாளைச் செருகி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முழுதும் காய்ந்த பிறகு மேலே கனமான அகராதிகளை அடுக்கி இரண்டு நாள் விடுங்கள். வழவழப்பான தாளில் அச்சான படப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும் என்பதால் அவற்றுக்கு நடுவே முதலிலேயே தாள் செருகுங்கள். நூலகத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்துக்கொண்டால் இவ்வளவு பாடும் மிச்சம்.

தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு பத்துப் பக்கம்?

தெரிந்த கதை என்றால் சரி. புதியது என்றால் நாளை மத்தியானம்.